முகத்தில் விழாத முத்திரை

அஞ்சலகத்தில் அவருக்கு டமார் என்று பெயர். தபால்தலைமேல் அவர் தேதி முத்திரையை ஓங்கி அடிக்கிற சத்தம் வாசலில் சைக்கிள் நிறுத்துகிறவனுக்கும் கேட்கும். வேலையில் சேர்ந்த நாள் முதல் அதே மேஜை, அதே அடி. தலைவர் படம், பறவை, பாலம், எது வந்தாலும் ஒரே போடு. ஏன் அடித்தாய் என்று ஒரு ஆள் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு நடிகையின் தபால்தலைதான். கறுப்பு வெள்ளைக் காலத்து நாயகி. பிறந்து நூறு வருஷமாகிறது என்று வெளியிட்டார்கள், கைதட்டினார்கள், போய்விட்டார்கள். அவஸ்தை யாருக்கு? டமாருக்கு! ஜன்னலில் நிற்கிற ஒவ்வொருவரும் அவருக்கு உபதேசம். "சார், கண்ணுல படாம அடிங்க." "சார், அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுடுங்க."

"இது என்ன தபாலாபீஸா, அழகு நிலையமா?" என்று எரிந்து விழுந்தார். ஜன்னலில் எரிந்து விழலாம். வீட்டில்?

"அவங்க மூஞ்சியில மை அடிச்ச கையோட வந்து எனக்குச் சாப்பாடு போடுன்னு உட்காராதீங்க" என்றாள் மனைவி.

"அடியே, அது வெறும் காகிதம்!"

"உங்களுக்குக் காகிதம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு யாரைத் தெரியும்? நீங்க வருவீங்க, சாப்பிடுவீங்க, தூங்குவீங்க. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். நான் மத்தியான ஆட்டத்துக்குப் போவேன். அந்த இருட்டுல அவங்கதான் என்கூடப் பேசினாங்க. ஒரே ஒரு தடவை உங்களையும் கூட்டிட்டுப் போனேன். இடைவேளைக்கு முன்னாடியே குறட்டை!"

டமாருக்குச் சுருக்கென்றது. வாயால் சொல்ல வேண்டியதை மறுநாள் முதல் கையால் செய்யத் தொடங்கினார். நடிகை வந்தால் மட்டும் ஓங்குவதில்லை. காகிதத்தின் ஓரத்தில் பட்டும் படாமலும் ஒற்றி எடுப்பார். தபால்தலையில் நகக்கண் அளவு மை, மீதியெல்லாம் உறையில்.

போஸ்ட்மாஸ்டர் மேடம் அவரைவிட வயதில் இளையவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அண்ணே, நீங்க விட்டு வைக்கிறதை உரிச்சு மறுபடி ஒட்டறாங்க. மேலிடத்துல என்னைத்தான் வாங்கு வாங்குன்னு வாங்கறாங்க. இன்னும் ஒண்ணு சிக்கிச்சுன்னா உங்களை மூட்டைக் கிடங்குக்கு மாத்திடுவாங்க. என்னால தடுக்க முடியாது."

கிடங்கு என்றால் நாள் முழுக்கப் பொட்டலம் தூக்க வேண்டும். அவர் முதுகு அதற்குத் தாங்காது, அந்த மேஜையை விட்டால் வேறு வேலையும் தெரியாது. அடித்தால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது, அடிக்காவிட்டால் மேஜை போய்விடும். என்ன ஜென்மமடா இது என்றிருந்தது அவருக்கு.

சிக்கியே விட்டது. ஒரு நாள் காலையில் தபால் பையைப் பிரித்தபோது மேடம் ஓர் உறையைத் தூக்கிக் காட்டினார். உரித்து ஒட்டிய நடிகை. பக்கத்தில், அனுப்பிய ஊர் அஞ்சலகத்தார் சிவப்பு மையில் 'பழையது, அபராதம்' என்று எழுதித் தள்ளிவிட்டிருந்தார்கள். போய்ச் சேர வேண்டிய முகவரி டமாரின் வீடு! அனுப்பியவள் அவருடைய கொழுந்தியாள். மனைவி போன வாரம் தங்கைக்குப் போட்ட கடிதத்தில் அவரே ஒற்றிய அதே தபால்தலை. அதை ஆவி காட்டி உரித்து அக்காவுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாள், மகராசி.

அபராதம் கட்ட மனைவி வந்தாள். உறையைக் கையில் வாங்கித் தபால்தலையைப் பார்த்தாள். நடிகையின் முகவாய் கிழிந்திருந்தது. கன்னத்தில் பசை வழிந்து அழுக்கு ஒட்டியிருந்தது.

"அடிப் பாவி!" என்று தங்கையைத் திட்டினாள். பிறகு இவரிடம் திரும்பினாள். "இதை இப்படி விட்டது நீங்கதானே?"

"அடிக்காதேன்னு சொன்னது நீதானே!" அவருக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் ஆயிரம் சொல்வேன். என்னிக்குக் கேட்டிருக்கீங்க, இதை மட்டும் கேக்கறதுக்கு?"

டமார் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நீ சொன்னதுலேருந்து மனசு கேக்கலை. உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம இருந்தது தப்புதான். அதான்…"

"அதுக்கு அவங்க மூஞ்சியைக் காப்பாத்தினா ஆச்சா?" அவள் குரல் உடைந்தது. "நீங்க பேசாம இருந்தது என்கிட்ட. பேச வேண்டியதும் என்கிட்டதான்." உறையை அவர் முன் தள்ளினாள். "அடிங்க. இனிமே யாரும் உரிக்க முடியாதபடி அடிங்க."

அவர் மேடத்தைப் பார்த்தார்.

"அடிங்கண்ணே. இதை நான் மேலிடத்துக்கு எழுதலை. இனிமே நீங்க ஒழுங்கா அடிச்சா நான் ஏன் புது ஆளைத் தேடப் போறேன்?"

முத்திரையை எடுத்து ஓங்கி அடித்தார். சத்தம் வாசல்வரை கேட்டது.

அன்று மாலை மனைவி தட்டை வைத்தாள். வழக்கம்போல் குனிந்து சாப்பிடத் தொடங்கியவர் பாதியில் நிமிர்ந்தார்.

"அந்தப் படம்… இடைவேளைக்கு அப்புறம் என்னதான் ஆச்சு?"

"இப்பவா கேக்கறீங்க? இத்தனை வருஷம் கழிச்சா?" கரண்டியை ணங்கென்று வைத்தாள். எரிச்சலோடுதான் எதிரே வந்து உட்கார்ந்தாள். "சொல்றேன். நடுவுல தூங்கினீங்கன்னா தெரியும் சேதி."