பூச்சிக்காகச் சாத்திய சன்னல்

என் மனைவிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, மலாக்காவில் பாச்சாங் பக்கம் எங்கள் வீட்டு முன்னறைக்குள் ஓர் அந்துப்பூச்சி வந்தது. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம். சுவரில் மாட்டியிருந்த அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மாமியார் அதைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"வந்துட்டாளே என் பொண்ணு! மாப்ள, காத்தாடிய அடைங்க. றெக்கையில பட்டுறப் போவுது."

தலைக்கு மேல் சுழன்ற காற்றாடியை நிறுத்தினேன். சன்னல்களை அவரே சாத்தினார். இறந்தவர்கள் இப்படிப் பூச்சியாக வீட்டைப் பார்க்க வருவார்கள், விரட்டக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் வந்தவரை வெளியே விடாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது? பெற்ற வயிறு. படத்துக்குக் கீழே ஒரு தட்டில் சீனி தூக்கலாகத் தேத்தண்ணி ஊற்றி வைத்தார். பிறகு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மலாக்கா வெயிலில், சாத்திய வீட்டுக்குள், நாங்கள் இருவரும் இட்லிச் சட்டியில் வைத்த மாதிரி வெந்தோம்.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். விடியுமுன் போய், ஆட்களை இறக்கிவிட்டு வீடு திரும்பினால், "மெதுவா நடங்க மாப்ள" என்பார். என் வீட்டில் நான் திருடன் மாதிரி நடந்தேன். தொலைக்காட்சி கூடாது. தும்மல் வந்தால் குளியலறைக்கு ஓட வேண்டும்.

சமையலறையில் மூடி விழுந்தால் மகள், பல்லி சத்தமிட்டால் மகள். அவருக்கு எல்லாவற்றிலும் அவள் வந்தாள். எனக்கு எதிலும் வரவில்லை. அவள் தலையணையை முகர்ந்து பார்க்கலாமென்று போனால், மாமியார் அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். பஸ்ஸில் யாராவது தைலம் பூசிக்கொண்டு ஏறினால் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். தைலம் வெறும் தைலமாகத்தான் மணந்தது. மருத்துவமனையில் நான் காப்பி வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் போனவள், அப்படியே போய்விட்டாள். உள்ளதைச் சொன்னால், எனக்கு மாமியார் மேல் பொறாமை.

ஒரே ஆறுதல், ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகன் செலண்டாரிலிருந்து வந்து அவரை அழைத்துப் போவதாக இருந்தது. அவர் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு வாய்விட்டு அழ வேண்டும். அதுவரை நான் அழவே இல்லை. பக்கத்தில் தாய் மாரடித்து அழும்போது நான் எப்படி அழுவது? அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதே என் வேலையாகிப் போனது. ஞாயிறு எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தபோது மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். பூச்சி சன்னல் விளிம்பில் கிடந்தது. விரலால் தொட்டேன், அசையவில்லை. அது முட்டி முட்டிக் கண்ணாடி முழுக்கப் பழுப்புத் தூள் அப்பியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சும்மா விட்டிருந்தால் அது பாட்டுக்குப் போயிருக்கும். காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சன்னலைத் திறந்தேன்.

மாமியார் ஈரத்தலையோடு வந்து சுவரைப் பார்த்தார்.

"எங்க மாப்ள?"

"பறந்து போயிருச்சு அத்தே. நாந்தான் சன்னலத் தெறந்தேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயே போயிட்டாளா?"

மருத்துவமனையிலிருந்து நான் நெஞ்சுக்குள் சுமந்துகொண்டிருந்த கேள்வி அது. அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. இன்னொரு ஆள் அந்தக் கேள்வியோடு கிடந்து அல்லாட வேண்டாம் என்று தோன்றியது.

"சொல்லிட்டுத்தான் போனா அத்தே."

"உங்ககிட்டயா? என்ன சொன்னா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மாவ நல்லா பாத்துக்கச் சொன்னா."

மாமியார் என்னையே பார்த்தார். மகள் போன பிறகு முதல் முறையாக அவர் முகம் தெளிந்திருந்தது. எழுந்து போய்க் கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம நீ வர வேணாம் லா. உங்கக்கா என்னைய இங்கயே இருக்கச் சொல்லிட்டா."