இல்லாமல் போகவிருந்த என் வீடு

திருவிடைமருதூரில் நாங்கள் குடியிருக்கும் மனை கோயிலுக்குச் சொந்தம். அதில் நிற்கும் வீடு என் அப்பா கட்டி எனக்குக் கொடுத்தது. மனைக்கு மட்டும் கோயிலுக்கு வாடகை கட்டுகிறோம். பள்ளி ஆசிரியையான நான், அந்த ரசீதுகளை வருமானவரிப் படிவத்தில் வீட்டு வாடகையாகக் காட்டிச் சலுகை வாங்கிவிட்டேன். அதே வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கும் சலுகை! சொந்த வீட்டுக்கு ஏது வாடகை என்று கேட்டு அபராத நோட்டீஸ் வந்ததும் அதை ஆடிட்டரிடம் கொடுத்தேன்.

மேல்முறையீட்டு மனுவை ஆடிட்டரே எழுதி வைத்திருந்தார். "கவலைப்படாதீங்க டீச்சர், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். கூட வந்திருந்த என் கணவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு அலறினார்.

"சொந்த வீடே இல்லைன்னு எழுதியிருக்குடி! நாளைக்கு மனை விஷயமா கோயிலோட வழக்குன்னு வந்தா இதையே எடுத்து நீட்டுவாங்க. வீடு போயிடும்!"

பேனாவை மூடினேன். அபராதத்துக்குப் பயந்து, அப்பா கட்டிய வீட்டையே இல்லை என்று சொல்லப் பார்த்திருக்கிறேன்!

தவறு என் கவனக்குறைவுதான் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, வரியையும் கட்டினேன். அபராதம் ரத்தானது.

இப்போது எந்தத் தாளானாலும் முழுவதையும் கணவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். கேள்வியைக் கடைசி வரி வரை படியுங்கள் என்று வகுப்பில் இருபது வருடமாகக் கத்துகிறவள் நான்.