மூக்கை மலைக்குத் திருப்பிய கார்

கொதித்து நின்ற வண்டியைத் தொடாமல் காத்திருக்கத் தெரிந்தவரே ரேடியேட்டர் வேலைக்கு லாயக்கானவர். மற்றவர்களை முழங்கைத் தழும்பு காட்டிக் கொடுத்துவிடும். மலைப்பாதை ஓரத்தில், ஆவி கக்கும் வண்டியின் முன் கையைப் பிசைந்து நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், போடிநாயக்கனூரில் பட்டறை நடத்தும் பொறியியல் பட்டதாரியான என் அனுபவங்கள் உங்களுக்கானவை.

ஒரு சத்தியம்

வியாழக்கிழமை காலை, பாண்டி அண்ணனின் ஜீப்பு ஒரு சிவப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. தோட்டத் தொழிலாளர்களை நாள்தோறும் போடிமெட்டுக்கு ஏற்றிச் செல்பவர் அவர். கார் முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார்: இரண்டே இருக்கைகள், என் இடுப்பளவு உயரம். இஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால். ரேடியேட்டரோ முன் மூக்கில். இரண்டையும் இணைத்து வண்டியின் அடிவயிற்றில் இரு நீண்ட குழாய்கள் ஓடின. நெருப்பு ஓரிடம், அதைத் தணிக்கும் காற்று வேறோரிடம், நடுவில் ஓயாமல் போய்வரும் நீர். படித்த காலத்தில் படமாக மட்டுமே பார்த்த ஒன்றின் கீழே மல்லாந்து கிடந்தபோது, என் வாய்க்குச் சொல் அகப்படவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எத்தனை அரிய நிகழ்ச்சி என்பது தெரியும்.

உரிமையாளர் ராஜேந்திரன், ஏலக்காய்த் தோட்டக்காரர். தோட்டத்துக்கு ஏறும்போதெல்லாம் கார் கொதித்து நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி சாந்தி நடுவழியில் இறங்கி நிற்க நேர்ந்தது. ராஜேந்திரன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மேல ஏறணும் மேடம். இன்னொரு தடவ கொதிச்சா, கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் கேக்குறாரு, அவருக்கே குடுத்துர்றேன்னு வீட்ல சத்தியம் பண்ணிருக்கேன்."

ரசம்

இஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அடிக்குழாயைக் கழற்றியதும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு இறங்கியது. துரு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பட்டறை முழுக்கப் பரவிய சாப்பாட்டுக்கடை வாசனை. விரலில் தேய்த்துப் பார்த்தேன்: மிளகுத்தூள்.

ரேடியேட்டரில் சிறு ஒழுகல் கண்டால் மிளகுத்தூளைப் போட்டு அடைப்பது எங்கள் மலை ஜீப்புகளின் பழைய வைத்தியம். அகன்ற குழாய் கொண்ட ஜீப்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். விரல்நகத்தை விட மெல்லிய துளைகள் கொண்ட இந்த ரேடியேட்டர் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஒழுகிய ரப்பர் ஹோஸை மாற்றினேன். நீரை எதிர்த்திசையில் பாய்ச்சிப் பாய்ச்சிக் கழுவினேன். ஐந்தாம் முறைதான் தெளிவாக வந்தது. எவ்வளவு போட்டீர்கள் என்று ராஜேந்திரனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தபடி பதில் சொன்னார்: "ரெண்டு கைப்பிடி இருக்கும் மேடம். ஆனா கடையில வாங்குனதில்ல, நம்ம தோட்டத்து மொளகு."

ஊற்றுத் தண்ணீர்

காய்ச்சி வடித்த நீரையும் இஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்டுத் திரவத்தையும் சரிபாதியாகக் கலந்துகொண்டிருந்தேன். பாண்டி அண்ணன் ஒரு கேன் நிறைய மலை ஊற்றுத் தண்ணீருடன் வந்து நின்றார். மலை நீரில் கரைந்திருக்கும் உப்பு குழாய்க்குள் படியும், அலுமினியத்தை அரிக்கும் என்று விளக்கி, கழற்றிய ஹோஸுக்குள் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டியும் காட்டினேன். வடித்தெடுத்த பழைய கூலண்டு இனிக்கும், நாய் நக்கினால் உயிர் போய்விடும், ஆகவே சாக்கடையில் கொட்டாமல் மூடிவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பெடுப்பது எனக்குள்ள வியாதி.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேனிலிருந்தே இரண்டு மடக்குக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்ல தண்ணி ஆகாது, நாய் செத்துப்போற தண்ணிதான் ஆகும். பெரிய எடத்து வண்டிதான் தாயி."

மூக்கு

சனிக்கிழமை என் பட்டம் பல்லிளித்தது. புதுக் கூலண்டு ஊற்றி இஞ்சினை ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் வெப்பமுள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. அணைத்து, ஆறவைத்து, மீண்டும் ஊற்றினேன். மீண்டும் அதே கதை. நீண்ட குழாய்களுக்குள் எங்கோ காற்று சிக்கிக்கொண்டு நீரை மறித்தது. கணக்குப் போட்டேன், படம் வரைந்தேன், யாரும் கேட்காதபடி திட்டவும் செய்தேன்.

பாண்டி அண்ணன் ஜீப்பில் சாய்ந்தபடி கேட்டார், "வண்டிய எதுக்குத் தாயி சமதளத்துல போட்டு வதைக்கிறீக? நான் எப்பவும் ஏத்தத்துல நிறுத்தித்தான் தண்ணி ஊத்துவேன். ஒரு நாளும் காத்து நின்னதில்ல." எனக்குச் சுரீரென்றது. ரேடியேட்டரின் மூடி மூக்கில்தான். மூக்கு உயர்ந்தால் காற்றுக்குப் போக வேறு வழியில்லை. இதை நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ராஜேந்திரனும் சேர்ந்துகொள்ள, ஆறிய காரை அடிவாரத்து முந்தல் ஊருக்கு இழுத்துச் சென்று, மலையடி ஏற்றத்தில் மூக்கை மேட்டுக்குத் திருப்பி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். மூடியைத் திறந்துவைத்தே இஞ்சினைக் கிளப்பினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வண்டியின் அடிவயிற்றில் ஒரு குமுறல். பெரிய பெரிய குமிழிகள் மேலே வந்து வெடித்தன. நீர்மட்டம் சரசரவென்று இறங்கியது. ஊற்ற ஊற்றக் குடித்தது. கடைசிக் குமிழி அடங்கியதும் பச்சை நீர் அசையாமல் மேகத்தைக் காட்டியது. மூவரும் அதைக் குனிந்து பார்த்தோம். பாண்டி அண்ணன் சொன்னார்: "ஏப்பம் விட்ருச்சு. இனி சோலி பாக்கும்."

பதினேழு வளைவுகள்

ஞாயிறு காலை, சாந்தி அக்கா ஒரு நிபந்தனை விதித்தார்: கணவர் ஓட்டினால் கொதித்ததை மறைத்துவிடுவார், ஆகவே நான் ஓட்ட வேண்டும், அக்கா பக்கத்தில் அமர்ந்து முள்ளைப் பார்ப்பார். ராஜேந்திரன் பின்னால் பாண்டி அண்ணனின் ஜீப்பில் ஏறினார்.

முதல் ஐந்து கொண்டை ஊசி வளைவுகள் வரை அக்கா முள்ளிலிருந்து கண்ணெடுக்கவில்லை. அது பாதியில் நின்றது. வளைவுக்கு வளைவு இஞ்சின் முதுகுக்குப் பின்னால் அடித்தொண்டையில் பாடியது. எட்டாம் வளைவில் முள் ஒரு மயிரிழை உயர்ந்தது. மூக்கில் விசிறி சுழன்றது. முள் இறங்கிப் பழைய இடத்தில் நின்றது. இரண்டு கைப்பிடி மிளகு தடுத்திருந்த அந்த நீரோட்டம், எங்கள் காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் தலை நிமிர்ந்தார். கீழே போடி ஒரு கை அகலத்துக்குச் சுருங்கியிருந்தது; பஞ்சுப்பொதியாக மேகம் சாலையைக் கடந்தது.

போடிமெட்டில் அக்கா இறங்கி, முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்; சூடு, அவ்வளவே. கோயம்புத்தூர்க்காரரிடம் கார் விற்பனைக்கில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். ஜீப்பிலிருந்து ஓடிவந்த ராஜேந்திரன் சிரித்த முகமாய்ச் சாவிக்குக் கை நீட்டினார். அக்கா அதை என்னிடமிருந்து வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "ஏறுறப்ப பாத்துக்கிட்டே வந்தேன், எல்லாம் புரிஞ்சிருச்சு. இறங்குறப்ப நான் ஓட்டுறேன், நீங்க ஜீப்புலயே வாங்க."

ஐந்து முறை கழுவி நான் காப்பாற்றிக் கொடுத்த காரில், அதன் உரிமையாளருக்கு இப்போது ஞாயிறுதோறும் இடம் கிடைக்கிறது, முள்ளைப் பார்க்கும் இருக்கையில்.