காட்டேரிக்குப் புரட்டாசி

என் கதையில் வரும் சூனியக்காரி ஏன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் பறக்கிறாள் என்று சிலர் கேட்கிறார்கள். அது ஏதாவது குறியீடா என்றுகூட ஒருவர் கேட்டார். இல்லை. பினாங்கில், மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிற்சாலை வேனில் அப்படித்தான் முடிவானது.

அம்மா அந்த வேனில்தான் வேலைக்குப் போகிறார். ஜார்ஜ் டவுனில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே காலையில் ஏறி, பாலம் தாண்டி, பட்டர்வொர்த் பக்கம் இறங்குவார். போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலை. ஓட்டுநர் அண்ணனைத் தவிர வேனில் எல்லோரும் பெண்கள். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் அவர் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் சாகாவரம் பெற்ற காட்டேரிக்கே நரை விழுந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து மேலே போனவன் நான் ஒருவன்தான். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா, "ஆபீஸ் வேல. கதையும் எழுதுறான்" என்பார். என்ன கதை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அது எனக்கு உறுத்தியது. அதனால் வாரம் ஓர் அத்தியாயம் எழுதி, நானே வாசித்து, வெள்ளிக்கிழமை மதியம் வாட்சப்பில் குரல் பதிவாக அவருக்கு அனுப்பத் தொடங்கினேன்.

தனியாகக் கேட்பார் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை ஓவர்டைம் போகும்போது வேனின் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

ஸ்பீக்கர் ஒயர் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் வரைதான் எட்டும். அந்த சீட் லைன் லீடர் அக்காவுடையது. அம்மா வேலை செய்யும் வரிசைக்கு அவர்தான் மேலாள். முட்டிவலியும் உண்டு. அம்மாவின் இடம் கடைசி வரிசையில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில். போனை ஒயரில் மாட்ட வேண்டும் என்பதால் அம்மா முன்னால் வந்தார். லைன் லீடர் அக்கா ஒரு வரிசை பின்னால் போனார். அன்று மாலை கதை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"முன்னாடி உக்காந்தா பாலத்துல ரெண்டு பக்கமும் கடல் தெரியுதுடா," என்றார் அம்மா.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் பாலத்தைக் கடப்பவர் அவர். கதையைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. அந்த சீட்டைப் பற்றி மட்டும் அப்பாவிடம் இரண்டு முறை சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து விமர்சனங்கள் வந்தன. என் காட்டேரி முதலில் பனி பெய்யும் மலையில் ஒரு கோட்டையில் இருந்தான். என் ஆபீஸ் லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான் பதிவு செய்வேன்.

"தம்பி, அந்தக் கோட்டையில யாரு லா சாமி பாட்டு போடுறா?" என்று வேனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

துணிக்கடைப் பாட்டை நிறுத்த என்னால் முடியாது. காட்டேரியைக் குயின் ஸ்ட்ரீட்டுக்கு, எங்கள் ஆபீசுக்கும் மேல்மாடிக்குக் குடிமாற்றினேன். வந்தவனுக்குப் பூர்வீகம் வேண்டுமே என்று, பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம் என ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

சூனியக்காரி அந்த வீட்டின் சொந்தக்காரி. விளக்குமாற்றில் பறந்து வந்து இறங்கினாள். வேன் கொதித்துப்போனது.

"விளக்கமாத்தத் தாண்டுனாலே ஆகாது. இவ அது மேல உக்காந்து வராளாம்!"

"தம்பி, உங்கம்மா உங்கள அப்படியா வளத்தாங்க?"

பின்னணியில் அம்மா, "நான் அப்படி வளக்கல லா" என்று சத்தியம் செய்வது கேட்டது.

முறத்தைக் கொடுத்துப் பார்த்தேன். முறத்தில் லட்சுமி இருக்கிறாளாம். பாய் என்றேன். பாயில் யாரைப் படுக்கவைத்துத் தூக்குவார்கள் என்று தெரியாதா என்றார்கள். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. "அது போதும் தம்பி. முதுகுக்கும் சாஞ்சுக்கலாம்" என்றார் லைன் லீடர் அக்கா.

கதை சூடுபிடித்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரனின் கழுத்தில் வாய் வைத்த காட்டேரி, ஹெல்மெட் வாரைக் கடித்துக் கோரைப்பற்களை உடைத்துக்கொண்டான். பல் டாக்டரிடம் போனான். வாரக்கணக்கில் பட்டினி. "எப்பதான் தம்பி கடிப்பான்?" என்று வேன் கேட்டுக்கொண்டே இருந்தது. புதுப் பல் கட்டிய அன்று, கட்டிய டாக்டரையே கடிக்கிறான். மூன்று பக்கம் உழைத்து எழுதிய கடி அது. ரத்தம் சொட்டும் சத்தத்துக்காக ஆபீஸ் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுப் பதிவு செய்தேன்.

மறுநாள் புரட்டாசியின் முதல் சனிக்கிழமை.

எங்கள் வீட்டிலும் சைவம்தான். ஜுருவில் பழைய கார் கடையில் வேலை செய்யும் அப்பா சிகரெட்டைக்கூட நிறுத்தியிருந்தார். நானே தயிர்ச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அந்தக் கடியை வாசித்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

நடந்ததை அன்று மாலை அம்மாவின் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. குழாய் சொட்டத் தொடங்கியதும் லைன் லீடர் அக்கா "நிறுத்து!" என்று கத்தியிருக்கிறார். தன்னைச் சொல்வதாக நினைத்து ஓட்டுநர் அண்ணன் வேனைப் பாலத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"பெருமாளுக்கு வெரதம் இருக்குற காதுல ரத்தத்த ஊத்துறியேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. போனக் கழட்டிட்டுப் பின்னாடி போய்ட்டேன். டயருகிட்ட."

"அம்மா, அவன் காட்டேரி. ரத்தம் குடிக்கிறதுதான் அவன் வேல."

"உங்கப்பாவுக்கு சிகரெட் குடிக்கிறதுதான் வேல. விடலயா?"

"அது வேறம்மா."

"அவன் தமிழனா இல்லயா? பாட்டன் கப்பல்ல வந்தான்னு நீதானே சொன்ன?"

அந்த வரியை நினைத்துப் பார்த்தேன். அழிக்க முடியாது. வேன் முழுக்கக் கேட்டாயிற்று.

கதைக்கு மாதம் கிழமை கிடையாது என்று அம்மாவுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். கல்லூரியில் படித்த சில விஷயங்களையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே பொறுமையாகக் கேட்டார். "சரிப்பா. நான் பின்னாடியே உக்காந்துக்குறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

அந்த வாரம் முழுக்க எழுதப் பார்த்தேன். கடித்தது கடித்ததுதான். எல்லாம் கனவு என்று எழுதலாம். அதைவிடக் கதையை விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை எதையும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை மதியம் லைன் லீடர் அக்காவிடமிருந்து குரல் செய்தி.

"தம்பி, இந்த வாரம் கத சூப்பர் லா! அந்தத் தைலம்! சிரிச்ச சிரிப்புல முட்டி வலியே தெரியல. ஆனா அந்தம்மாவ நெனச்சா காசியான் லா, பாவம். அடுத்த வாரமாச்சும் அவன் ரெண்டு வாய் சாப்புடுவானா?"

எந்தத் தைலம்? எந்த அம்மா? மாலையில் அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"கத எங்கன்னு கேட்டாங்க. நீ அனுப்பல. அதான் சும்மா என்னமோ சொன்னேன்."

"என்னமோன்னா?"

"டாக்டரு நாள் பூரா குனிஞ்சே நிக்கிறாரா, கழுத்து வலி. தைலத்த அப்பி வச்சிருக்காரு. இவன் வாய வச்சதும் நாக்கு எரிஞ்சு ஓடிட்டான். ஒரு சொட்டு உள்ள போகல. வெரதம் கலையல."

தொழிற்சாலை விட்டு வரும் வேனில் எல்லோருடைய கழுத்திலும் அந்தத் தைல வாசம்தான் இருக்கும். நான் அதை யோசித்ததில்லை.

"அப்ப அந்தச் சொட்டுற சத்தம்?"

"அது டாக்டர் வீட்டுப் பைப்புன்னு சொல்லிட்டேன்."

உண்மையிலேயே அது பைப்தான்.

"சரி, அந்தம்மா யாரு?"

"அவங்கம்மாதான். சுங்கை பட்டாணியிலேருந்து பஸ் ஏறி வந்துட்டாங்க, அடுக்குச் சட்டியில சாம்பாரோட. பிள்ள பட்டினி கெடக்குறானேன்னு."

"அம்மா, காட்டேரிக்கு அம்மா கிடையாது. அவன் சாகாவரம் வாங்குனவன்."

"சாகாதவனுக்கு அம்மா இருக்கக் கூடாதா?" செருப்பை ஓரமாக வைத்தார். "அப்புறம் அவனுக்குக் கவர்மெண்டு வேல வாங்கிக் குடுத்துட்டேன். நைட் ஷிஃப்ட். பகல்ல அவனுக்கு ஆகாதுன்னு நீதானே சொன்ன."

மேற்கொண்டு எட்டு அத்தியாயத்துக்குப் போட்டு வைத்திருந்த திட்டத்தில் அரசாங்க வேலை எங்கேயும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"எங்க உக்காந்து சொன்னீங்க?"

"மொதல்ல பின்னாடிதான். அங்கேருந்து சொன்னா யாருக்கும் கேக்கல. அக்காவே எழுந்து, முன்னாடி வான்னுட்டாங்க." பையை ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கு மழ. கடல் சரியாத் தெரியல," என்றார்.

அடுத்த வாரம் அவர் விட்ட இடத்திலிருந்து நான் எழுதினேன். காட்டேரியின் அம்மாவைச் சேர்த்தேன், சாம்பாரைச் சேர்த்தேன். "நீங்க எழுதுற அம்மா சரியாப் பேச மாட்டேங்குறாங்க தம்பி. உங்கம்மா சொன்ன அம்மாதான் பேசுனாங்க" என்று செய்தி வந்தது. இன்னொருவர், சிவப்புக் கலருக்காகவாவது அவனுக்கு ரோஜா சிரப்பும் பாலும் கலந்த ஒரு சிரப் பண்டோங் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

புரட்டாசி முடிந்தது. வேனில் கோழிக் குழம்பு வாசம் திரும்பிவிட்டதாக அம்மா சொன்னார். இனி யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று, முதல் கடியைவிட நல்ல கடி ஒன்றை எழுதி, குழாயைத் திறந்துவிட்டுப் பதிவு செய்து வெள்ளிக்கிழமை அனுப்பினேன். கேட்டுவிட்டால் வாட்சப்பில் அந்தச் சின்ன மைக் நீலமாக மாறும். சனிக்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை.

"கடி எப்படி இருந்துச்சு?" என்று மாலையில் கேட்டேன்.

"எந்தக் கடி? ஓ, அதுவா. போடலடா. அவங்கம்மாவுக்கும் சூனியக்காரிக்கும் அடுப்படியில சண்ட நடந்துக்கிட்டு இருக்கு. பாலம் வந்தும் முடியல. இதுல யாரு கடி கேக்குறா?"

"ஒயர் மாட்டலன்னா அக்கா சீட்ட திருப்பிக் கேக்கலயா?"

"அவங்கதான் தள்ளி உக்காந்து முறுக்கு குடுக்குறாங்க. நான் பின்னாடி திரும்பித் திரும்பிச் சொல்றேனா, கழுத்துதான் வலிக்குது."

தைலத்தை எடுத்துக் கழுத்தில் தேய்த்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சமையலறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போனைக் காதருகே வைத்து, அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். குழாய்ச் சத்தம்வரை கேட்டார். என் கையில் இருந்த போனில் மைக் நீலமானது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இப்ப அவன் கடிக்கக் கூடாது லா. அவங்கம்மா வீட்ல இருக்காங்க."