அத்தான் காரின் பின் பிரேக்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்த வீடுகளுக்குப் போய், அளவெடுத்து, அறுத்து, பொருத்திவிட்டு வருவார். முப்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே மரச்சட்டம் அடித்து, கண்ணாடிகளை நிறுத்தி வைத்து ஓட்டுவார். ஓட்டுவார் என்று சொல்வதே அதிகம், நகர்த்துவார். பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள்.

அந்தக் காருக்குக் கல்லூரி போகும் என் மகளைவிட வயது அதிகம். மெக்கானிக்கான என்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. நான்கூட அவர் சீட்டில் உட்காரக்கூடாது. ஷெட்டுக்குள் அவரே ஓட்டிவந்து நிறுத்துவார், அவரே எடுத்துப்போவார். கல்யாணமான புதிதில் அக்கா கார் ஓட்டப் பழகுகிறேன் என்று கேட்டாளாம். "வேற ஒரு கால் அந்த பிரேக்ல பட்டா என் கண்ணாடி ஒண்ணும் மிஞ்சாது" என்று சிரித்தே வாயை அடைத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

ஆறு மாதமாக அக்காவும் அவரோடு வேலைக்குப் போய்வந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்றாள். "பேரன் பேத்தி எடுத்த வயசுல ஜோடி போட்டுக்கிட்டு ஊர் சுத்துறீங்க, நடத்துங்க" என்று கிண்டல் பண்ணினேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள் அன்று பேசாமல் இருந்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எங்கே தட்டியது!

போன திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். "பின்னாடி கீச்சுகீச்சுன்னு ஒரே சத்தம் மாப்ளே" என்றார் அத்தான். அவர்களைப் பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு டீ குடிக்க அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துக் கை பிரேக்கை விடுவித்தேன். கைப்பிடியில் பூப்போட்ட துணி ஒன்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அழுக்குப் படாமல் இருக்கப்போலும் என்று விட்டுவிட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கிறது. போன வருஷம்தான் மாற்றினேன். அடுத்த பக்கமும் அதே கதி. முன் சக்கரங்களைப் பார்த்தேன். அங்கே பேட் புதுசு மாதிரி இருந்தது.

எந்தக் காரிலும் முன்பக்கம்தான் முதலில் தேயும். கை பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதன் கேபிள் இறுகி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பின்பக்கம் இப்படித் தேயும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது. கேபிள் ஒழுங்காக விட்டுக்கொடுத்தது. அப்படியானால் யாரோ ஓடும் காரைப் பல மாதமாகக் கை பிரேக் இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பூப்போட்ட துணி எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது அக்காவுடைய பழைய நைட்டித் துணி.

நேரே வீட்டுக்குப் போனேன். "அக்கா, கையைக் காட்டு" என்றேன். அவள் மறைப்பதற்குள் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கையில் காய்ப்பு.

அத்தான் டீயைக் கீழே வைத்தார். "அவளைத் திட்டாதே. வலது கால்ல உணர்ச்சி போயிடுச்சு. கண்ணாடி தூக்கித் தூக்கி முதுகு நரம்பு அமுங்கிடுச்சாம். இனி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆக்ஸிலேட்டரை எஞ்சின் சத்தத்தை வச்சு சமாளிச்சுடுவேன். பிரேக்ல கால் இருக்கா இல்லையான்னுதான் தெரியல."

"அவர் 'ம்'னு சொல்லுவாரு, நான் இழுப்பேன்" என்றாள் அக்கா. "இதுவரைக்கும் ஒரு கண்ணாடிகூட உடையலடா."

"கண்ணாடி கிடக்குது, குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தா? அவர் 'ம்' சொல்ற வரைக்கும் அது நிக்குமா?" என்று கத்தினேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோபம் ஒரு பக்கம். இரண்டு பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன பயணத்தை ஊர் சுற்றல் என்று கிண்டல் பண்ணினேனே என்ற வெட்கம் ஒரு பக்கம்.

"வண்டிய விட்டுட்டா நான் கண்ணாடியைத் தலையிலயா தூக்கிட்டுப் போறது மாப்ளே?" என்றார் அத்தான். அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

ஷெட்டுக்குத் திரும்பினேன். அந்தக் காரில் பேடைத் தள்ளும் பின் பிஸ்டனை வெறுமனே அழுத்தினால் உள்ளே போகாது, திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். திருகினேன். புதுப் பேட்களை உட்கார வைத்துச் சக்கரங்களை மாட்டினேன். பேட் மாற்றியபின் பெடலைப் பலமுறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அதை நானே செய்யலாம், அன்றுவரை வெளியே நின்று கையால் அழுத்தித்தான் செய்திருக்கிறேன்.

"அக்கா, இங்க வா. ஏறி உக்காரு" என்றேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, சீட்டின் நுனிக்கு வந்து, எட்டியும் எட்டாமலும் மிதித்தாள்.

"ஐயோ, உள்ள போயிடுச்சுடா!"

"அப்படித்தான் போகும். விட்டு விட்டு மிதி."

ஐந்தாறு மிதியில் பெடல் கெட்டியானது. "இப்பப் பிடிக்குது" என்றாள். அவள் முகத்தில் பயமும் ஆசையும் சேர்ந்தே தெரிந்தன. காலை எடுக்கவில்லை.

"சாவி என்கிட்டதான் இருக்கும்" என்றேன். "நாளைக்குக் காலையில மைதானத்துல பழக்குறேன். லைசென்ஸ் வாங்குற வரைக்கும் வேலை இருந்தா நான் ஓட்டிட்டு வரேன்."

அத்தான் காலை இழுத்து இழுத்துக் காரைச் சுற்றி வந்து, அக்கா பக்கத்துக் கதவைத் திறந்தார். இறங்கச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள், இறங்க ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

அவர் குனிந்து, முப்பது வருஷம் யாரும் நகர்த்தாத அந்த சீட்டுக்கு அடியிலிருந்த கொக்கியைத் தேடிப் பிடித்துத் தூக்கினார்.

"உனக்குக் கால் எட்டல. கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கோ" என்றார்.