யதுஷா சொல்ல வந்தது

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் இருந்த ஐறீனுக்குக் கப்பல் கம்பனியொன்றில் இருபது வருடமாகக் கிளாக் வேலை. பஸ்ஸில் நின்றபடியே சிறுவர் கதை எழுதுவாள். நாற்பத்தாறு வயதில்தான் ஒரு பதிப்பகம் அவளுடைய கதையொன்றைப் புத்தகமாகப் போடச் சம்மதித்தது.

யதுஷா என்ற திக்கிப் பேசும் பிள்ளையைப் பற்றிய கதை. அதைச் சொல்வது அவளுடைய வகுப்புத் தோழி. யதுஷா எங்கே தடக்கினாலும் தோழி முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பாள். வகுப்பே தோழியைப் பாராட்டும்.

அச்சுக்குப் போகுமுன் ஐறீன் அதைப் பக்கத்து வீட்டு டெனிஷாவிடம் வாசிக்கக் கொடுத்தாள். பத்து வயது டெனிஷாவும் திக்குவாள். அவளை நினைத்து எழுதிய கதைதான்.

வாசித்து முடித்த டெனிஷா, "அன்ரி, யதுஷா ம-மனசுக்குள்ள..." என்று தொடங்கினாள்.

"மனசுக்குள்ளயும் திக்குமோ எண்டு கேக்கிறீங்களா?" என்றாள் ஐறீன்.

டெனிஷா இல்லையென்று தலையாட்டினாள். கதை எழுதிய கொப்பியை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க ஐறீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் ஒரு கப்பலின் பெயரை இரண்டு தரம் பிழையாகத் தட்டச்சு அடித்தாள். இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தாள். நல்லதுக்குத்தானே எழுதினேன் என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள். சனிக்கிழமை காலை போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்டைக்கு நீங்க கேக்க வந்தது என்ன, மகள்? நான் குறுக்க பேசமாட்டேன்."

டெனிஷாவுக்கு நேரமெடுத்தது. ஐறீனின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"யதுஷா ம-மனசுக்குள்ள நினைக்கிறதையும் அந்தப் பிள்ளைதான் சொ-சொல்லுவாவா?"

ஐறீன் கதையை முதலிலிருந்து யதுஷாவின் வாயால் எழுதினாள். உள்ளுக்குள் அவளுக்குச் சொற்கள் தடையில்லாமல் வந்தன. அங்கிருந்து பார்த்தபோது தோழி வேறொருத்தியானாள். பள்ளிக்கூடக் கன்ரீனில் யதுஷாவுக்கு வேண்டியது மீன் வைத்த பணிஸ். அவள் சொல்லி முடிக்குமுன் தோழி கேட்டு வாங்கிக் கொடுப்பது இனிப்பான சீனிச் சம்பல் பணிஸ். நன்றி சொல்லிச் சாப்பிடுகிறாள் யதுஷா.

புதியதை வாசித்த பதிப்பகத்தார் தொலைபேசியில், இதில் அன்பு என்ற பாடம் தெளிவில்லை, பள்ளிக்கூடங்களுக்குப் பழையதுதான் சரி என்றார்கள். ஐறீன் அலுவலகத்தில் ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவள்.

"அப்ப பழையதைப் போடவேண்டாம்," என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்கும் பல்கனிக்குமாக நடந்தாள். புத்தகம் இன்னும் வரவில்லை. வெள்ளவத்தையில் வேறொரு பதிப்பகத்துக்குக் கொடுக்கப் பிரதி எடுக்கிறாள். டெனிஷா அதையும் வாசித்துவிட்டு, பணிஸ் கட்டத்தில் யதுஷா கோபிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை ஐறீன் நாலு தரம் எழுதிவிட்டாள். இன்னும் சரிவரவில்லை.