சோற்றில் விஷம் என்று நினைத்த நாட்கள்

எழுபதுகளில் இலங்கை மலையகத்தில், பூனாகலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது எனக்குக் கடுமையான மூச்சிழுப்பு வந்தது. பதுளையில் ஒரு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மூச்சு சீரானது, ஆனால் தூக்கம் போய்விட்டது. மனைவி பாக்கியம் சோற்றில் விஷம் வைக்கிறாள் என்றே நம்பி, தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வேளையும் என் தட்டிலிருந்தே முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினாள். பேய் பிடித்திருக்கிறது என்று எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் சொன்னதை ஏற்காமல், என்னை அந்த டாக்டரிடமே கூட்டிப்போனாள்.

“இவரு இப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. இந்த மாத்திரை தொடங்குன பொறகுதான் இப்படி” என்றாள்.

“சில பேருக்கு இது மூளையையும் தாக்கும். ஆனா சடுதியா நிப்பாட்டக் கூடாது” என்ற டாக்டர், அளவைப் படிப்படியாகக் குறைத்தார். என் சந்தேகமும் மெல்ல விலகியது.

இப்போதெல்லாம் புது மாத்திரை தந்தால், மனதை என்ன செய்யும் என்றும் கேட்கிறேன். பாக்கியத்தையும் கூடவே அழைத்துப் போகிறேன். நான் மாறினால், எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.